பட்டதாரியும் பள்ளிப் பையனும்: ஒரு பொய்ப் பாடம்

டுவைட் ஹொவார்ட் 2025 செப்டெம்பரில் கூடைப்பந்தாட்டத்தின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். அதையொட்டி ரொறன்ரோவில் வாழும் பழைய நண்பர் ஒருவர் எனக்கு நீண்ட மடல் ஒன்று வரைந்திருந்தார். ஹொவார்ட் ஒரு விதிவிலக்கு என்பது அவருடைய வாதம். பள்ளிக்கூடத்திலிருந்து நேரே தொழில்முறை ஆட்டத்துக்குப் போவது பிள்ளைகளைப் பாழாக்கும் வழி; முன்மாதிரியாகக் காட்டவேண்டியவர் அதே ஆண்டில் அவருக்கு அடுத்ததாகத் தெரிவான பட்டதாரி எமெக்கா ஒகாஃபோர்தான்; இப்படிப் போகிறது மடல். நண்பர் நல்லவர், தன் பிள்ளைகளைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். ஆனால் அவர் எழுதியிருப்பது, விளையாட்டுப் பக்கங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலவிவரும் ஒரு பொய்ப் பாடம். அந்தப் பாடத்தைப் பரப்பியதில் என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கே பெரும் பங்குண்டு. ஆகவே அவருக்குத் தனிமடலில் பதிலளிப்பதை விடுத்து இங்கே எழுதுகிறேன்.

விடயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அமெரிக்காவின் என்.பி.ஏ. கூட்டமைப்பில் புதிய வீரர்கள் தாம் விரும்பிய கழகத்தில் சேரமுடியாது. ஆண்டுக்கொரு முறை நடக்கும் டிராஃப்ட் எனப்படும் தெரிவில் கழகங்கள் வரிசையாக வீரர்களைப் பொறுக்கி எடுக்கும். தோற்றுப்போன கழகங்களுக்கு அந்த வரிசையில் முன்னிடம், சீட்டுக் குலுக்கலோடு. வேலை தேடுபவன் முதலாளியைத் தேர்ந்தெடுக்க முடியாத இந்த ஏற்பாட்டை வேறெந்தத் தொழிலிலும் சுதந்திர நாடு என்று சொல்லிக்கொள்பவர்கள் ஏற்கமாட்டார்கள். அது வேறு கதை.

2004இல் முதலிடம் ஓர்லாண்டோ மஜிக் கழகத்துக்குக் கிடைத்தது. முந்திய பருவகாலத்தில் 82 ஆட்டங்களில் 21 மட்டுமே வென்ற கழகம் அது. 2003இலும் 2004இலும் கூட்டமைப்பிலேயே அதிக புள்ளிச் சராசரி பெற்ற ட்றேசி மக்கிறேடி அவர்களிடம் இருந்தார். இருந்தும் அந்த நிலை. அவர் வெளியேறும் மனநிலையில் இருந்தார். தெரிவு நடந்து ஒரு வாரம் முடிவதற்குள் ஹூஸ்ரனுக்குப் போயும்விட்டார். ஆக, ஓர்லாண்டோ நிர்வாகத்துக்குத் தேவைப்பட்டது ஒரு புதிய தூண். கிடைக்கக்கூடிய தூண்கள் இரண்டு. இரண்டும் நெடியவை.

ஒருவர் ஒகாஃபோர். ஹூஸ்ரனில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். கனெக்ரிக்கட் பல்கலைக்கழகத்தில் நிதியியல் பட்டத்தை மூன்றே ஆண்டுகளில் சிறப்பாக முடித்தவர். 2004 ஏப்ரலில் அப்பல்கலைக்கழகம் ஜோர்ஜியா தொழினுட்பக் கல்லூரியை 82க்கு 73 என்று வென்று தேசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியபோது, அந்த இறுதியாட்டத்தில் 24 புள்ளிகளும் 15 ரீபவுண்ட்களும் எடுத்தவர். அந்தப் பருவகாலத்தில் அவருடைய சராசரி 17.6 புள்ளிகள், 11.5 ரீபவுண்ட்கள், நான்குக்குச் சற்று மேற்பட்ட தடுப்புகள். எதிராளியின் பந்தைத் தட்டிவிட்டவுடன் அது எங்கே போய் விழும் என்பதையும் கணித்து வைத்திருப்பவர்போல் ஆடினார். பந்தைக் கூட்டத்துக்குள் அடித்துக் கைதட்டல் வாங்கும் பழக்கம் அவரிடம் கிடையாது.

மற்றவர் ஹொவார்ட். அற்லாண்டாவில் ஒரு சிறிய கிறிஸ்தவப் பள்ளியின் மாணவர். வயது பதினெட்டரை. 6 அடி 11 அங்குலம் உயரம். ஒகாஃபோரைவிட ஓரங்குலம் கூட. பள்ளியின் இறுதியாண்டில் ஆட்டமொன்றுக்கு 25 புள்ளிகள், 18 ரீபவுண்ட்கள் என்ற கணக்கில் எடுத்தவர். ஆனால் யாருக்கு எதிராக? தன் தோளுயரம்கூட இல்லாத பிள்ளைகளுக்கு எதிராக. இந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் பிழை செய்யவில்லை. அந்த எண்களை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது என்பது உண்மை.

இதுவரை எல்லாம் சரி. இரண்டு இளைஞர்களை ஒப்பிடுவதற்கு இவை போதுமான ஆரம்பம். ஆனால் அன்று எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி கூடைப்பந்தாட்டத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. ஒப்பீடு ஒழுக்கப் பாடமாக மாறியது. ஒகாஃபோர் பொறுமையின் உருவம். ஹொவார்ட் அவசரத்தின் உருவம். ஒருவர் 'தயாரானவர்', மற்றவர் 'சூதாட்டம்'. பட்டச் சான்றிதழ், ஏதோ பந்தைக் கூடைக்குள் போடும் திறமையின் அத்தாட்சிபோல் கட்டுரைக்குக் கட்டுரை நீட்டப்பட்டது. ஒரு மனிதர் மூன்றாண்டில் பட்டம் முடித்தார் என்பது அவருடைய பெருமை; அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஓர்லாண்டோவுக்கு முன்னிருந்த கேள்வி, இவர்களில் யாருக்கு மகளைக் கட்டிக்கொடுப்பது என்பதல்ல. அடுத்த பத்தாண்டுகளில் யார் சிறந்த ஆட்டக்காரராக விளங்குவார் என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடைகாண எளிய கணக்கொன்று போதுமாயிருந்தது. ஒகாஃபோர் பிறந்தது 1982 செப்டெம்பரில். ஹொவார்ட் 1985 டிசெம்பரில். இடைவெளி மூன்று ஆண்டும் இரண்டு மாதமும். இருபத்தொரு வயது இளைஞனையும் பதினெட்டு வயதுப் பையனையும் பக்கத்தில் நிறுத்தி, 'இவன் முதிர்ச்சியானவன்' என்று முதலாமவனைச் சுட்டுவதற்கு நிபுணர் எதற்கு? பிறப்புச் சான்றிதழ் வாசிக்கத் தெரிந்தால் போதும். நியாயமான ஒப்பீடு வேறு: அதே வயதில் ஒகாஃபோர் என்ன செய்தார்? அவர் பத்தொன்பது வயதில் கல்லூரியின் முதலாண்டில் ஆடியபோது சராசரி 8 புள்ளிகளுக்குச் சற்றுக் குறைவு, ரீபவுண்ட் 9. கல்லூரி ஆட்டத்தில்! ஹொவார்ட் தன் பத்தொன்பதாவது பிறந்தநாள் வந்துபோன பருவகாலத்தில், உலகின் மிகப் பலமான மனிதர்களோடு மோதி, 12 புள்ளிகளும் 10 ரீபவுண்ட்களும் எடுத்தார். 82 ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. எல்லாவற்றிலும் ஆரம்ப ஐவரில் ஒருவராக இறங்கினார்.

நெடிய வீரர்களை மதிப்பிடுவதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. உயரத்தை எவரும் அளந்துவிடலாம். பெரும்பாலான நெடியவர்கள் ஒருமுறை துள்ளி விழுந்தபின் அடுத்த துள்ளலுக்கு உடலை ஒடுக்கித் தயாராக ஒரு கணம் எடுப்பார்கள். அந்தக் கணத்தில் பந்து வேறொருவர் கையில் இருக்கும். ஹொவார்டுக்கு அந்தக் கணம் தேவைப்படவில்லை. பக்கவாட்டில் கால் நகர்த்தி ஒரு சிறிய, வேகமான ஆட்டக்காரரைத் தொடர்ந்து செல்லவும் அவரால் முடிந்தது. அகன்ற தோள்களில் இன்னும் சதை ஏறாத உடல் அது. ஏறப்போவது பார்த்த எவருக்கும் தெரிந்திருக்கும். ஒகாஃபோரோ உடலாலும் ஆட்டத்தாலும் ஏறத்தாழ நிறைவடைந்திருந்தார். அவரிடம் வாங்கக்கூடியது அன்று கண்ணுக்கு முன் இருந்ததுதான். அது நல்ல சரக்கு. ஆனால் விலை ஒன்றென்றால், இன்னும் வளரக்கூடியதை விட்டுவிட்டு வளர்ந்து முடிந்ததை எடுக்கச் சொல்வது என்ன புத்தி? அத்துடன் கல்லூரியின் கடைசிப் பருவகாலத்தில் ஒகாஃபோருக்கு முதுகு நோவு வேறு இருந்தது.

ஓர்லாண்டோ ஹொவார்டைத் தெரிந்தது. அவ்வாண்டு புதிதாகத் தோன்றிய சார்லட் பொப்காட்ஸ், லொஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் கழகத்தோடு பண்டமாற்றுச் செய்து இரண்டாமிடத்தை வாங்கி, ஒகாஃபோரைத் தன் முதல் வீரராக எடுத்தது. 2005இல் ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருது ஒகாஃபோருக்குக் கிடைத்தது: 15.1 புள்ளிகள், 10.9 ரீபவுண்ட்கள். 'பார்த்தீர்களா!' என்று எழுதியவர்கள் ஒரு சிறு எண்ணைக் கவனிக்கத் தவறினார்கள். ஒகாஃபோர் எறிந்த பந்துகளில் 44.7 சதவீதமே கூடைக்குள் விழுந்தன. கூடைக்கு அருகில் நின்று ஆடுபவருக்கு இது மிகக் குறைவு. பள்ளிப் பையனின் எண் 52. ஆளில்லாத புதிய அணியொன்றில் ஒகாஃபோர் அதிகமாக எறிந்தார், அதிகமாகப் புள்ளி எடுத்தார். விருது அவருக்குக் கிடைத்தது நியாயமே. அதிலிருந்து ஓர்லாண்டோ ஏமாந்துவிட்டதென்று முடிவுகட்டியதுதான் அநியாயம்.

பின்னர் நடந்தது ஊரறிந்தது. ஹொவார்ட் 2008 முதல் 2012 வரை ஐந்து முறை கூட்டமைப்பின் முதலணியில் இடம்பிடித்தார். 2009, 2010, 2011 என்று தொடர்ந்து மூன்றாண்டுகள் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. 2009இல் லெப்ரோன் ஜேம்ஸின் கிளீவ்லாந்தை வெளியேற்றிய ஆட்டத்தில் 40 புள்ளிகள் எடுத்து, ஓர்லாண்டோவை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுசென்றார். ஒகாஃபோர் ஒருமுறையேனும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தெரிவாகவில்லை.

இங்கே நான் ஹொவார்ட் இரசிகர்களோடும் முரண்படவேண்டியிருக்கிறது. அவர்கள் இதே எண்களைத் தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வருவதே சிறந்த வழி என்று நிறுவப்பார்க்கிறார்கள். அதுவும் பொய்ப் பாடந்தான், தலைகீழாகப் பிடிக்கப்பட்டது. ஹொவார்ட் இலக்குத் தப்பாத ஃப்ரீ த்ரோ எறியக் கடைசிவரை கற்றுக்கொள்ளவேயில்லை. புதுமுகமாக 67 சதவீதம் போட்டவர் பிற்காலத்தில் 50க்கும் கீழே இறங்கினார். ஓர்லாண்டோவிலிருந்து 2012இல் அவர் வெளியேறிய விதமும் அழகானதல்ல. ஒகாஃபோரின் முதுகைப் பற்றி அத்தனை பேர் கவலைப்பட்டார்களே, 2012இல் முதுகில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் ஹொவார்ட்! ஒகாஃபோரோ 2007 முதல் மூன்று பருவகாலங்கள் ஓர் ஆட்டத்தைக்கூட விடாமல் ஆடினார். 2013இல் கழுத்தெலும்பு வட்டு விலகி நான்காண்டுக்கு மேல் களத்துக்கு வெளியே இருந்துவிட்டு, 2018இல் முப்பத்தைந்து வயதில் திரும்பி வந்து மீண்டும் ஆடினார். அதைத் தோல்வி என்று சொல்பவருக்கு விளையாட்டும் தெரியாது, உழைப்பும் தெரியாது. ஒருவருடைய வாழ்க்கை மற்றவருக்கான எச்சரிக்கைப் பலகை அல்ல. இரண்டு பேரும் தத்தம் உடலும் காலமும் அனுமதித்ததைச் செய்தார்கள்.

இருபதாண்டுக்கு முந்திய ஒப்பீட்டில் இத்தனை உஷ்ணம் எதற்கென்று வாசகர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அந்தப் பொய்ப் பாடம் சட்டமாகிவிட்டது.

2004ஆம் ஆண்டுத் தெரிவின் முதற் சுற்றில் ஹொவார்டோடு சேர்த்து எட்டுப் பள்ளி மாணவர்கள் எடுக்கப்பட்டனர். அதற்கு அடுத்த ஆண்டே, ஆணையாளர் டேவிட் ஸ்ரேர்னின் கூட்டமைப்பும் வீரர் சங்கமும் செய்துகொண்ட உடன்படிக்கையில் புதிய விதி நுழைந்தது. தெரிவாகும் வீரருக்கு அந்த ஆண்டுக்குள் 19 வயது நிறையவேண்டும். அமெரிக்கப் பிள்ளையானால் உயர்பள்ளி முடித்து ஓராண்டாவது கழிந்திருக்கவேண்டும். 2006ஆம் ஆண்டுத் தெரிவிலிருந்து நடைமுறை. கல்வியின் பெயரால், முதிர்ச்சியின் பெயரால், சிறுவர்களின் நலன் பெயரால். ஒகாஃபோரின் பட்டம் இந்த மொழிக்கெல்லாம் அழகான அட்டைப்படமாயிற்று.

இதனால் நலம் பெற்றவர் யார்? பையனா? கழகங்களுக்கு ஓராண்டு இலவசப் பரிசோதனை. கல்லூரிகளுக்கு ஓராண்டு இலவச உழைப்பு. கல்லூரிக் கிண்ணப் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமைக்காக சி.பி.எஸ். தொலைக்காட்சி 1999இல் ஒப்புக்கொண்ட தொகை, 11 ஆண்டுகளுக்கு 600 கோடி டொலர். ஒகாஃபோர் கிண்ணம் வென்றது அந்தப் பணம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான். அவருக்குக் கிடைத்தது புலமைப்பரிசில். (நிதியியல் படித்தவராயிற்றே, கணக்கு அவருக்கு விளங்கியிருக்கும். பட்டம் கையில் கிடைத்ததும் நாலாமாண்டு இலவசமாக ஆட நிற்காமல் கிளம்பிவிட்டார். அவரை முன்மாதிரி என்பவர்கள் இந்த இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.)

விதி பேசப்பட்டுக்கொண்டிருந்த 2005 ஏப்ரலிலேயே, 1996இல் பள்ளியிலிருந்து நேரே வந்த ஜேர்மெயின் ஓநீல் என்ற நெடிய வீரர் எழுந்து கேட்டார்: இது ஏன் எங்களுக்கு மட்டும்? இதில் நிறம் சம்பந்தப்பட்டிருக்கிறதா? அவரை எத்தனை பேர் கண்டித்தார்கள்! ஆனால் பேஸ்போல் கழகங்கள் உயர்பள்ளிப் பையன்களை இன்றும் தெரிவுசெய்கின்றன. பனிக்கட்டி ஹொக்கியிலும் பதினெட்டு வயதுப் பையன்கள் தெரிவாகிறார்கள். அங்கெல்லாம் பிள்ளைகளின் எதிர்காலம் குறித்து யாரும் தூக்கம் இழந்ததாகத் தெரியவில்லை. பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் வரும் ஆட்டத்தில்தான் முதிர்ச்சி பற்றிய கவலை பொங்கி வழிந்தது. இன்னும் பின்னே போனால், கல்லூரி நான்காண்டு முடியாமல் எவரும் ஆடக்கூடாது என்ற பழைய தடையை எதிர்த்து ஸ்பென்சர் ஹேவுட் நீதிமன்றம் ஏறினார். 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அவர் வாதாடி வாங்கியதில் ஓராண்டை 2005இல் மேசையில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் சங்கத்தில் இருந்தவர்கள். இழந்தவர்கள் சங்கத்தில் இன்னும் சேராதவர்கள்.

நண்பர் தன் மடலில் குவாமே பிறவுனைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார். எதிர்பார்த்ததுதான். 2001இல் முதலிடத்தில் தெரிவான முதல் உயர்பள்ளி மாணவர், பெரிதாகச் சோபிக்கவில்லை, சரி. ஆனால் 'பாழாகிப்போன' அந்தப் பையன் 2013 வரை இந்தக் கூட்டமைப்பில் ஊதியம் பெற்று ஆடினார். இதற்கு மாறாக, நண்பரின் சொந்த ஊர்க்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். ஹொவார்டும் ஒகாஃபோரும் தெரிவான அதே இரவில் ரொறன்ரோ ராப்டர்ஸ் எட்டாமிடத்தில் எடுத்தது ரஃபாயல் அறவூஜோ என்ற பிரேசில் நாட்டு நெடியவரை. கல்லூரியில் ஆடிப் பழகியவர், வயது 23, முதிர்ச்சிக்குக் குறைவில்லை. மூன்று பருவகாலத்தில் அவருடைய என்.பி.ஏ. வாழ்வு முடிந்தது. அடுத்த இடத்தில் போனவர் அந்திரே இகுவடாலா. அறவூஜோவைக் காட்டி, 'இனிமேல் 23 வயதுக்காரரைத் தெரியக்கூடாது' என்று எவரும் சட்டம் இயற்றவில்லை. பள்ளிப் பையன் தோற்றால் அது வயதின் குற்றம். பட்டம் படித்தவன் தோற்றால் அது அவனுடைய தனிப்பட்ட துரதிர்ஷ்டம். இந்தத் தராசுக்கு ஒரு பக்கந்தான் இருக்கிறது.

2009இல் ஒகாஃபோரைச் சார்லட் கழகம் நியூ ஓர்லியன்சுக்குக் கொடுத்து மாற்றாக வாங்கியது யாரைத் தெரியுமா? டைசன் சான்ட்லரை. 2001இல் பள்ளியிலிருந்து நேரே இரண்டாமிடத்தில் தெரிவானவர். அவர் 2011இல் டலஸ் அணியோடு கிண்ணம் வென்று, 2012இல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் பெற்றார். இதையும் ஒரு நிரூபணமாக நான் வைக்கவில்லை. மறுபக்கத்துச் சாட்சிகள் எப்படி மறைந்துபோகின்றன என்பதற்காகச் சொன்னேன்.

விதி வந்தபின் என்ன காப்பாற்றப்பட்டது? 2006இல் பள்ளியை முடித்த கிறெக் ஓடன் என்ற ஏழடி மைந்தன், விதி இல்லாதிருந்தால் அவ்வாண்டே முதலிடத்தில் போயிருப்பார் என்று பரவலாகக் கருதப்பட்டது. (அவ்வாண்டு முதலிடம் ரொறன்ரோவிடம் இருந்தது. அவர்கள் இத்தாலியரான அந்திரேயா பார்ஞானியை எடுத்தார்கள். அந்த வருத்தத்தைக் கிளறவேண்டாம்.) ஓடன் ஒஹாயோவில் ஓராண்டு கல்லூரிக்கு ஆடிவிட்டு 2007இல் போர்ட்லாந்தால் முதலிடத்தில் தெரிவானார். முழங்கால்கள் அவரைக் கைவிட்டன. கல்லூரி ஓராண்டு அவற்றை வலுவாக்கவில்லை. 2019 பெப்ரவரியில், டியூக் பல்கலைக்கழகத்தின் சயன் வில்லியம்சன் ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் சப்பாத்து கிழிந்து முழங்கால் சுளுக்கி வெளியேறினார். நுழைவுச்சீட்டுகள் ஆயிரக்கணக்கான டொலருக்கு விலைபோன அந்த அரங்கில் அந்தப் பதினெட்டு வயதுப் பையனுக்கு ஊதியம் கிடையாது. முழங்கால் வேறு விதமாகத் திரும்பியிருந்தால்?

இப்போது நிலைமை சற்று மாறியிருக்கிறது. 2021 யூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் முகத்தையும் விற்றுப் பணம் பெறலாம். 2025 யூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே நேரடியாகக் கொடுக்கலாம். ஆகவே விதி இனி எவரையும் பட்டினி போடுவதில்லை என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அப்படியானால் கல்விக்காகத்தான் விதி என்ற வாதம் எங்கே போயிற்று? ஊதியம் வாங்கி ஆடுவதற்குப் பல்கலைக்கழகம் எதற்கு? ஓராண்டு வகுப்பறைப் பக்கம் தலைகாட்டிவிட்டு வசந்தகாலத்தில் மூட்டை கட்டும் பையன், ஒகாஃபோர் பெற்ற கல்வியில் எதைப் பெற்றான்? ஆயினும் 2023இல் கையெழுத்தான உடன்படிக்கையிலும் 19 வயது என்ற எல்லை அப்படியே இருக்கிறது.

நண்பருக்கு ஒன்று. நம்மவர் வீடுகளில் 'முதலில் ஒரு பட்டம், பிறகு எதுவும்' என்ற பேச்சு எங்கிருந்து வந்ததென்று எனக்கும் தெரியும். நானும் அதைக் கேட்டு வளர்ந்து கலைப்பட்டம் பெற்றவன். காணியும் வீடும் போனாலும் படிப்புப் போகாது என்று கண்ட மக்கள் நாம். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நெடிய பையனின் மூலதனம் அவனுடைய முழங்கால். அதற்கு ஆயுள் குறைவு. புத்தகம் முப்பது வயதிலும் அங்கேயே இருக்கும். பேஸ்போலில், உயர்பள்ளியிலிருந்து ஒப்பந்தமாகும் பையனின் பிற்காலக் கல்லூரிச் செலவை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளும் ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பில் உண்மையான அக்கறை இருந்தால் என்.பி.ஏ. செய்யவேண்டியது அதுதான்: வயதெல்லையை நீக்கிவிட்டு, ஒப்பந்தத்தில் படிப்புச் செலவுக்கு ஒரு பந்தி சேர்ப்பது. இப்போதைய உடன்படிக்கை 2030 வரை செல்லும். இரு தரப்பில் எவரும் ஓராண்டு முன்னதாக விலகலாம். கேட்பதற்குப் போதிய காலம் இருக்கிறது.